கொடுமுடி கோகிலத்தின் இளமைப் பாட்டுகள்

கோயமுத்தூரில் இக்காலத்தில் ஒரு பாட்டுக் கச்சேரி நிரம்பி வழிய வேண்டுமானால் அதற்கு மூன்று வசதிகள் வேண்டும். முதலாவது, கொடிசியா மைதானத்தைப் போன்ற விஸ்தாரமான இடம். இரண்டாவது, காதைத் துளைக்கும் ஒலிபெருக்கிகள். மூன்றாவது, சினிமாவில் கொடி கட்டிப் பறக்கும் ஒரு சங்கீத டைரக்டரின் பெயர். சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான் போயிருந்த கச்சேரிக்கு இம்மூன்றில் ஒன்றேனும் கிடையாது. டவுன்ஹாலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் பழைய மாடிக் கட்டடம், நூற்றைம்பது நாற்காலிகள், நான்கு மின்விசிறிகள், அவற்றில் இரண்டு சுழன்றன. வாசலில் கறுப்புப் பலகை ஒன்றில், 'ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாள் அவர்களின் ஆரம்ப கால இசைத்தட்டுப் பாட்டுகள் மட்டும்' என்று எழுதியிருந்தார்கள். 'மட்டும்' என்ற வார்த்தையின் கீழ்ச் சிவப்புச் சுண்ணத்தால் இரண்டு கோடுகள் வேறு.

அந்த இரண்டு கோடுகளுக்கும் அவசியம் இருந்தது என்பதைச் சற்று நேரத்திற்கெல்லாம் தெரிந்துகொண்டேன். வெள்ளை வேஷ்டியும் பச்சைத் துண்டுமாக வந்த ஒரு பெரியவர் வாசலில் நின்றவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டுப் போற முருகன் பாட்டு உண்டுங்களா?"

"இல்லீங்க. அது 1965-ல வந்த திருவிளையாடல். நாங்க 1933-ஓட நிறுத்திக்கிறோமுங்க."

"அப்ப ஔவையார்ப் பாட்டு?"

"அது 1953-ங்க."

"அட, அதையும் பாடாட்டிப் போனா அப்பறம் என்னத்தைத்தானுங்க பாடுவீங்க?"

பெரியவரின் கேள்வியில் தவறில்லை. தமிழ்நாட்டில் சுந்தராம்பாள் என்ற பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நம் கண்முன் வந்து நிற்பது யார்? நெற்றி நிறைய விபூதி, கையில் கோல், நரைத்த தலை, ஆண்டவனையே அதட்டிப் பேசும் அதிகாரம். இப்படி ஒரு கிழவிதான். அந்த அம்மையார் பதினெட்டு வயதுப் பெண்ணாக இருந்த காலமும் ஒன்று உண்டு. அக்காலத்தில் கொழும்பு முதல் சென்னை வரையில் நாடகக் கொட்டகைகளில் ஜனங்கள் இடம் கிடைக்காமல் அடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் பாட்டுகள் தட்டுத் தட்டாக விற்றன. இதையெல்லாம் சொன்னால் கேட்பவர்கள் சந்தேகத்துடன் பார்க்கிறார்கள். கச்சேரியை ஏற்பாடு செய்த நாலைந்து சிநேகிதர்களின் மனக்குறையும் இதுவே. அவர்களில் ஒருவர் மோட்டார் பம்புப் பட்டறை வைத்திருப்பவர். மற்றொருவர் பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பது அவர்களுக்கு ஒரு பைத்தியம். 'ஔவையாரை எல்லோருக்கும் தெரியும். வள்ளியை யாருக்குத் தெரியும்?' என்பது அவர்கள் கட்சி.

வள்ளியைத் தெரிந்துகொள்ளக் கொடுமுடிக்குப் போகவேண்டும். தெற்கு நோக்கி வரும் காவேரி கிழக்கே திரும்பும் இடத்தில் அமைந்தது அவ்வூர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் நமசிவாயப் பதிகம் பாடிய பாண்டிக்கொடுமுடி அதுவே. மகுடேசுவரரும் வீரநாராயணப் பெருமாளும் ஒரே மதிலுக்குள் எழுந்தருளியிருக்க, வன்னி மரத்தடியில் பிரம்மாவுக்கும் இடம் கொடுத்திருக்கும் ஊர். இன்று ஈரோடு ஜில்லாவில் இருக்கிறது. 1908-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சுந்தராம்பாள் அங்கே பிறந்தபோது கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. கே. பி. என்ற எழுத்துக்களில் முதலாவது ஊரின் பெயர். இரண்டாவது தாயார் பாலாம்பாளின் பெயர். தகப்பனாரின் எழுத்துக்கு அங்கே இடமில்லாமற் போனதிலேயே அக்குடும்பத்தின் கதை பாதி அடங்கியிருக்கிறது. குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தத் தாயார் பட்ட கஷ்டம் சொல்லி முடியாது. சிறுமி சுந்தராம்பாள் ரயில் வண்டியில் பாடினாள். பிரயாணிகள் கொடுத்த காசில் அடுப்பு எரிந்தது. அப்படிப் பாடியபோதுதான் ரயில்வே உத்தியோகஸ்தரும் நாடகப் பிரியருமான எப். ஜி. நடேசய்யரின் காதில் அக்குரல் விழுந்தது. அவர் மூலமாக வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் குழந்தையாக முதன்முதலில் மேடை ஏறினாள். அந்த வேஷத்திற்கு அவளுக்கு ஒத்திகை தேவைப்பட்டிராது.

அக்கால மேடை எப்படிப்பட்டது என்பதை இளைஞர்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறையில் நடிகர்கள் ஒரு கம்பெனியைச் சேர்ந்தவர்களாக இருக்கமாட்டார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மூன்றாவது ஊரிலிருந்தும் அன்று மாலைதான் ரயிலில் வந்து இறங்குவார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குமேல் அவரவர் சாமர்த்தியம். வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளி ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டுவாள். நாரதர் வந்து தர்க்கம் செய்வார். பிறகு வேடனாக முருகன் வருவான். வள்ளி ஒரு கேள்வியைப் பாட்டில் கேட்டால், எதிரே நிற்பவர் அதே சுருதியில், அதே ராகத்தில், அந்த க்ஷணத்திலேயே பதில் பாடவேண்டும். தடுமாறினால் கொட்டகையே சிரிக்கும். மைக் என்னும் கருவி மேடைக்கு வராத காலம். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும் வரையில், தரையில் உட்கார்ந்திருக்கும் கடைசி ஆளுக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும்படி பாடவேண்டும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் இந்த நாடகங்கள் நடக்கின்றன. விடிய விடியப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மைக் இல்லாமல் அல்ல.

இத்தகைய போர்க்களத்தில்தான் 1926-ம் வருஷம் கொழும்பு நகரத்தில் சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் எதிரெதிரே நின்றார்கள். அவருக்கு இருபது வயது. அம்மையாருக்குப் பதினெட்டுகூட நிரம்பவில்லை. கிட்டப்பாவின் குரல் ஏறாத ஸ்தாயி இல்லை என்று பெயர். ஹார்மோனியத்தில் அவருடைய தமையனார் காசி ஐயர். இப்படிப்பட்டவருக்கு எதிரே ஒரு பெண் நின்று பதில் பாடுவதா என்று கேட்டவர்கள், அன்றிரவு நாடகம் முடிந்து வெளியே வந்தபோது வேறு விதமாகப் பேசியிருக்கவேண்டும். ஏனெனில் அதன் பிறகு அந்த ஜோடியைப் பிரித்துப் பார்க்க ஜனங்கள் சம்மதிக்கவில்லை. மறு வருஷமே இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கனவே விவாகம் ஆகியிருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். மேடையில் வள்ளிக்குக் கிடைத்த இரண்டாந்தாரப் பட்டம் வீட்டிலும் வந்து சேர்ந்தது.

கச்சேரிக்கு வருவோம்.

திரை விலகியதும் (திரை என்றது ஒரு ஜமக்காளத்தை) மேடையில் முதலில் தென்பட்டது பாடகர் அல்ல, கிராமபோன் பெட்டி. பம்புப் பட்டறைக்காரர் அதன் சாவியைச் சுற்றி, புது ஊசி ஒன்றைப் பொருத்தி, தட்டின் விளிம்பில் வைத்தார். கரகரவென்று மழை பெய்வது போன்ற சப்தம். அந்த மழைக்கு அப்பால், தூரத்து வயலிலிருந்து கூப்பிடுவது போல ஒரு பெண் குரல் எழுந்தது. முருகன்மேல் ஒரு விருத்தம். சரியாக மூன்று நிமிஷத்திற்குள் முடிந்துவிட்டது. சபையில் கைதட்டக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு அவர் பேச எழுந்தார். பேச்சு சுருக்கமாகவும் வேடிக்கையாகவும் இருந்தது. பத்து அங்குல அகலத் தட்டில் ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிஷந்தான் இடம். அரக்குப் பூச்சிகள் தரும் அரக்கும் கல் மாவும் கலந்து அழுத்திச் செய்த தட்டு. கீழே விழுந்தால் பீங்கானைப் போல உடையும், வெயிலில் வைத்தால் அப்பளத்தைப் போல வளையும். எஃகு ஊசியைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் தட்டின் கோடுகளை அது உழுதுவிடும். 1902-ல் கல்கத்தாவில் கோஹர் ஜான் அம்மாள் பாடிப் பதிவு செய்தபோது ஒரு பெரிய தகரக் குழாய்க்குள் தலையை நீட்டித்தான் பாடவேண்டியிருந்தது. அதே வருஷத்தில் மிலான் நகரத்தில் இத்தாலியப் பாடகர் கரூஸோவும் அவ்வாறே பாடினார். மின்சார மைக்கினால் பதிவு செய்யும் முறை 1925-க்குப் பிறகே உலகத்தில் பரவியது. மெல்லிய குரல்களைப் பழைய குழாய் ஏற்றுக்கொள்ளாது. திறந்த தொண்டையோடு பாடுகிறவர்களைத்தான் அதற்குப் பிடிக்கும். ஆகவே நாடகமேடை தயார் செய்து வைத்திருந்த குரல்கள் கிராமபோனுக்கு வெகு பொருத்தமாக அமைந்துவிட்டன. 'சபாவிலே இடம் கொடுக்காதவங்களுக்கு மிஷின் இடம் கொடுத்துச்சுங்க' என்று அவர் சொன்னபோது சிரிப்பு எழுந்தது.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. சுந்தராம்பாள் எத்தனை கட்டைச் சுருதியில் பாடினார் என்று தட்டை வைத்து நிச்சயிக்க முடியாதாம். தட்டு நிமிஷத்திற்கு 78 சுற்றுச் சுழலவேண்டும் என்பது விதி. ஆனால் பதிவு செய்த இயந்திரங்கள் எல்லாமே அந்த விதியைப் பின்பற்றவில்லை. வேகம் கொஞ்சம் கூடினால் சுருதியும் ஏறும், குறைந்தால் இறங்கும். பட்டறையில் மோட்டாரின் சுற்றை அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்து தம் பெட்டியை அவர் சரியாக 78-ல் நிறுத்தியிருக்கிறார். 'எம் பெட்டி சரிங்க. அன்னிக்கு ரிக்கார்டு பண்ணின துரையோட பெட்டி சரியான்னு கேக்கறதுக்குத் துரை இல்லீங்களே' என்றார். கோயமுத்தூர்க்காரரின் ரஸிகத்தன்மை எந்த வழியாக வரும் என்று சொல்ல முடியாது!

முதலில் பாடிய அம்மையார் நல்ல சங்கீத ஞானமுள்ளவர். குரலும் இனிமையானது. ஆனால் எனக்குத் திருப்தி ஏற்படவில்லை என்பதை மறைக்காமல் எழுதவேண்டும். தட்டில் மூன்று நிமிஷம் வந்த பாட்டை அவர் பன்னிரண்டு நிமிஷமாக்கினார். முன்னால் ஓர் ஆலாபனை, நடுவில் நிரவல், கடைசியில் கல்பனாஸ்வரம். விருந்தாளிக்கு ஒரு டம்ளர் மோர் கேட்டால் பானையோடு கொண்டுவந்து வைத்த மாதிரி. சுந்தராம்பாளின் பாட்டில் சங்கதிகள் இல்லாமலில்லை. மின்னலைப் போல ஒன்று பளிச்சிடும், உடனே வார்த்தை வந்துவிடும். வார்த்தைதான் அங்கே எஜமானி. ழகரத்தை ழகரமாகவும், றகரத்தை றகரமாகவும் அவர் உச்சரிப்பதைக் கேட்டால், இருபது வருஷமாகப் பையன்களுக்குத் தமிழ் வாசிப்புச் சொல்லிக் கொடுக்கும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. 1941-ல் அண்ணாமலை சர்வகலாசாலையில் தமிழிசை மகாநாடு கூடியதும், 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும், கச்சேரி மேடையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று வாதம் நடந்ததும் நாம் அறிந்தவை. அந்த வாதம் நடப்பதற்குப் பதினைந்து வருஷத்துக்கு முன்பே, சந்தைக்குப் போகும் குடியானவன் வாயில் சுத்தமான தமிழ் விருத்தத்தை இந்த நாடகக்காரர்கள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அவர்களைத்தான் வித்வான்கள் 'டிராமாப் பாட்டு' என்று ஒதுக்கினார்கள்.

ஹார்மோனியம் வாசித்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. கீ-போர்டு என்னும் மின்சாரப் பேழையை வேண்டாமென்று ஒதுக்கி, துருத்தி வைத்த பழைய பெட்டியையே கொண்டுவந்திருந்தார். நமது சங்கீதத்திற்கு ஒவ்வாத வாத்தியம் என்று 1940-ல் அகில இந்திய ரேடியோ ஹார்மோனியத்தைத் தள்ளி வைத்தது. காசி ஐயர் வாசித்ததைக் கேட்டவர்கள் அந்த உத்தரவைப் படித்து என்ன நினைத்தார்களோ! அன்று மாலை அந்தப் பெட்டி பாடகர்களைப் பின்பற்றவில்லை. முன்னால் ஓடி, வா வா என்று கூப்பிட்டது. கிட்டப்பாவின் பாட்டுகளாக ஓர் இளைஞர் பாடிய இரண்டும் (வள்ளலாரின் விருத்தம் ஒன்று, தேவாமிர்தவர்ஷிணி ராகத்தில் தியாகராஜ கிருதி ஒன்று) அந்த ஹார்மோனியத்தினாலேயே கரை ஏறின.

மூன்றாவதாக வந்த பெண்ணைப் பற்றி எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சிவகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். இப்போது கோயமுத்தூரில் கல்லூரியில் வாசிக்கிறாள். அதற்கு முன் நான்கு வருஷங்கள் என் வகுப்பில் இருந்தவள். காலையில் பிரார்த்தனைக்குப் பெண்கள் நின்று பாடும்போது இவள் குரல் மட்டும் மற்ற குரல்களையெல்லாம் மீறிக்கொண்டு மைதானத்தின் மறு கோடி வரையில் போகும். பாடம் கெடுகிறதென்று பக்கத்து வகுப்பிலிருந்து யாரும் புகார் செய்யவில்லை; புகார் செய்தவன் நான்தான். 'அம்மணி, கத்தாதே. மெதுவாய்ப் பாடு. பெண் பிள்ளைக்கு இவ்வளவு சப்தம் எதற்கு?' என்று ஒரு தரம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் பிரார்த்தனையில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

அந்தப் பெண் மேடையில் உட்காரவில்லை. நின்றாள். மைக்கை இரண்டடி தள்ளி வைக்கச் சொன்னாள். வள்ளியின் ஆலோலப் பாட்டு. முதல் வார்த்தை எழுந்தபோதே பின் வரிசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் தலை நிமிர்ந்தார்கள். கிளியையும் மைனாவையும் விரட்டுவதற்காகப் பாடும் பாட்டை மெல்லிய குரலில் பாடினால் பறவைகள் எப்படிப் போகும்? அவை தினையைத் தின்றுகொண்டே கேட்கும்! ஏழெட்டு ஏக்கர் புனத்துக்கு அப்பால் கேட்கவேண்டிய பாட்டு அது. இந்தச் சாதாரண விஷயம் எனக்கு அன்று மாலைதான் புலப்பட்டது. மேல் ஸ்தாயியில் ஓர் இடத்தில் அவள் குரல் சற்றுப் பிசிறியது. அடுத்த அடியில் அதே இடத்திற்கு மறுபடியும் போய், இம்முறை நின்று காட்டிவிட்டு இறங்கினாள். ஹார்மோனியக்காரர் 'பேஷ்!' என்று வாய்விட்டுச் சொன்னார். வாசலில் சண்டை பிடித்த பச்சைத் துண்டுப் பெரியவரோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

தர்க்கப் பாட்டில் அந்த இளைஞரும் இவளும் எதிரெதிரே நின்றார்கள். அவர் நல்ல பாடகர். ஆனால் பதில் எழுதி வைத்த காகிதத்தைப் பார்த்துப் பாடினார். இவள் அவர் முகத்தைப் பார்த்துப் பாடினாள். எவர் ஜெயித்தார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இடைவேளைக்குப் பிறகு தேசீயப் பாட்டுகள். இன்றைய தலைமுறைக்கு நாடகக்காரர்கள் சுதந்தரப் போரில் என்ன செய்தார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1876-ம் வருஷத்து நாடகச் சட்டத்தின்படி சர்க்காருக்குப் பிடிக்காத நாடகத்தை நிறுத்தலாம். நடிகரைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஆகவே முன் வரிசையில் போலீஸ்காரர் குறிப்புப் புஸ்தகத்துடன் உட்கார்ந்திருக்க, மேடையில் வள்ளி வெள்ளைக் கொக்குகளை விரட்டுவாள். கொக்கு யார் என்று தரை டிக்கட் ஜனங்களுக்குத் தெரியும், போலீஸ்காரருக்கும் தெரியும், ஆனால் கோர்ட்டில் நிரூபிக்கவேண்டுமே! இந்தப் போராட்டத்தில் பல முறை சிறை சென்ற விசுவநாத தாஸ், 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் முருகன் வேஷத்துடன் மேடையிலேயே உயிர் நீத்தார். மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய தேசீயப் பாட்டுகள் தட்டுகளாக வெளிவந்து, கொட்டகை இல்லாத ஊருக்கும் போய்ச் சேர்ந்தன. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸில்கூட, கதைக்குச் சம்பந்தமில்லாமல், அவருடைய ராட்டைப் பாட்டு ஒன்று புகுந்துகொண்டது. காந்தி அடிகளை ஏழை சந்நியாசியாக வர்ணிக்கும் அவருடைய பாட்டைச் சுந்தராம்பாள் பாடி, நாடெங்கும் பரவச் செய்தார். அன்று மாலை அதை மூவரும் சேர்ந்து பாடினார்கள். சபையில் வயதானவர்கள் சிலர் எழுந்து நின்றார்கள்; அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். தீரர் சத்தியமூர்த்தி இந்த அம்மையாரைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வந்ததற்குக் காரணம் அந்த நிமிஷத்தில் எனக்கு விளங்கிற்று. ஒரு மணி நேரப் பிரசங்கம் செய்யக்கூடியதை அக்குரல் மூன்று நிமிஷத்தில் செய்தது. காந்திஜி கொடுமுடி வீட்டுக்கு வந்து தங்கத் தட்டில் உணவருந்தியதும், 'சாப்பாடு மட்டுந்தானா, தட்டு இல்லையா?' என்ற கருத்தில் அவர் கேட்டதும், அம்மையார் உடனே தட்டையே கொடுத்துவிட்டதும், அது ஏலத்துக்குப் போனதும் கொங்கு நாட்டில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை.

ஏன் 1933-உடன் நிறுத்தினார்கள் என்பதை நேயர்கள் ஊகித்திருப்பார்கள். அவ்வருஷம் டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது இருபத்தேழு. இருபத்தைந்து வயதான சுந்தராம்பாள் அன்று முதல் வெள்ளைக் கதர் உடுத்தினார். இனி எந்த ஆடவருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். நந்தனார் படத்தில் நடிக்கக் கேட்டு வந்தபோது, தட்டிக் கழிக்கும் பொருட்டு லட்சம் ரூபாய் கேட்டார், கேட்டவர்கள் கொடுத்துவிட்டார்கள்! 1935-ல் வெளிவந்த அப்படத்தில் அவர் ஆண் வேஷத்தில் நந்தனாராகவே நடித்தார். பிறகு 1940-ல் மணிமேகலை என்னும் துறவி. பிறகு ஔவையார். 1951-ல் சட்ட மேல்சபை அங்கத்தினர். 1964-ல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள். துணைவன் படப் பாட்டுக்கு 1969-ம் வருஷத்து ஜனாதிபதி பரிசு, 1970-ல் பத்மஸ்ரீ. 1980 செப்டம்பரில் மறைந்தார்.

இந்தப் பட்டியலில் உள்ள வேஷங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். துறவி, பக்தர், கிழவி; இவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. விரதம் அம்மையாருடையது, அதைப்பற்றி அபிப்பிராயம் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த விரதத்தைக் கும்பிட்ட நாம், அதற்கு முந்திய எட்டு வருஷங்களை அவர் வாழவே இல்லை என்பதுபோல் மறந்துவிட்டோமே, அதற்கு உரிமை எங்கிருந்து வந்தது? கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சாகியிருக்கின்றன. அவற்றில் பேசுகிறவள் தெய்வமும் அல்ல, தவசியும் அல்ல. ஏங்குகிற, கோபித்துக்கொள்கிற, வீட்டில் தனக்குரிய இடத்தைக் கேட்கிற இளம் பெண். வள்ளியின் பாட்டில் அன்று நான் கேட்டதும் அந்தக் குரலே. அதைக் கேட்ட பிறகு ஔவையார்ப் பாட்டுகளைக் கேட்டால், அந்த அதிகாரம் எங்கிருந்து வந்ததென்று புரிகிறது.

கச்சேரி முடிந்ததும் பாங்கிக்காரர் தம் பையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் காட்டினார். நடுவே வண்ணக் காகிதத்தின்மேல் கடிகார முட்களை ஒட்டியிருந்தார்கள். பழைய சாமான் கடையில் சுவர்க் கடிகாரமாக விற்பனைக்குத் தொங்கியதாம்! பெயர்ச் சீட்டு சுரண்டப்பட்டிருந்ததால் யார் பாட்டென்று தெரியவில்லை. முட்களை எடுத்துவிட்டுப் பட்டறைக்காரரின் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். நடுவில் பெரிய துளை போட்டிருந்தபடியால் தட்டு ஆடி ஆடிச் சுழன்றது. ஒரு பெண் குரல் அலை அலையாக ஏறி இறங்கியது. சுந்தராம்பாள் அல்ல என்று ஒருவர் சொன்னார். ஆம் என்று மற்றொருவர் சாதித்தார். வீட்டுப் பரணில் இம்மாதிரித் தட்டுகள் வைத்திருப்பவர்கள் அவற்றைப் படுக்கவைக்காமல் புஸ்தகத்தைப் போல நிமிர்த்தி வைக்கவேண்டும் என்றும், ஈரத் துணியால் துடைத்த பிறகு நன்றாக உலரவிடவேண்டும் என்றும், ஸ்பிரிட்டை மட்டும் அருகிலேயே கொண்டுபோகக் கூடாதென்றும் (அரக்கு கரைந்துவிடும்) பாங்கிக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார்.

படியில் இறங்கும்போது அந்தப் பெண் என் அருகில் வந்து நின்றாள். கூட அவளுடைய அப்பத்தா. கையில் மஞ்சள் பை.

"சார், வந்தது சந்தோஷமுங்க."

"நன்றாய்ப் பாடினாய், அம்மணி."

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சத்தம் ரொம்ப அதிகமாப் போச்சுங்களா, சார்?" என்று கேட்டாள். அதில் குத்தல் ஏதும் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"இல்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நான் சொன்னது தப்பு."

"அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டனுங்க" என்றாள். அப்பத்தாவோ, "எங்கீங்க மறந்தா? தோட்டத்துல கெணத்து மேட்டுல நின்னுக்கிட்டுத்தான் இத்தனை வருசமும் பாடிட்டிருந்தா" என்று சொல்லி, சிவகிரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பேத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.